சம்பந்தியம்மாவுக்காக இரண்டு கரடிகள்

கிள்ளானில் கல்யாண மேடை போடுகிற வேலாயுதத்துக்குக் கையில் இருந்த அடக்கம் வாயில் கிடையாது. யானை வேண்டுமா, மயில் வேண்டுமா, அன்னம் வேண்டுமா, கேட்டால் போதும். பாலிஃபோம் கட்டியை அறுத்து, தேய்த்து, சாயம் பூசி, உயிரோடு நிற்பதுபோல் மண்டப வாசலில் நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு சேதி அவர் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் கிள்ளான் ஆற்றைத் தாண்டிவிடும். அவருடைய ஓட்டை வாயால் ஒரு கல்யாணமே நின்று போயிருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கும் மேடை போட்டவர் அவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட மனிதர் மூன்று வாரமாக ஒரு ரகசியத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தார். மனைவி சீதாலெட்சுமிக்குத் தெரியாது. மகள் ஷாமினிக்கும் தெரியாது. அந்த மகளின் கல்யாணத்துக்காகத்தான் அந்த ரகசியமே.

ஷாமினி ரஷ்யாவுக்கு டாக்டர் படிப்புக்குப் போனவள். பட்டம் வாங்கியதோடு, கூடப் படித்த இகோரையும் மனதுக்குள் வாங்கிக்கொண்டு திரும்பினாள். முதலில் வீட்டில் எரிமலைதான். பிறகு அந்தப் பையன் கோலாலம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு வந்து, தீபாவளிக்கு வாழையிலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "மாமா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று தமிழில் கேட்டானா, வேலாயுதம் அத்தோடு விழுந்துவிட்டார். ரசம் கேட்கிற மாப்பிள்ளைக்கு என்ன குறை?

குறை மாப்பிள்ளையிடம் இல்லை. நான்கு நாளைக்கு முன் வந்து இறங்கிய அவன் அம்மா தமாராவை நினைத்துத்தான், அவள் வருவதற்கு முன்பிருந்தே, வேலாயுதத்துக்குத் தூக்கம் கெட்டது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாத்காவில், ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறவள். கணவர் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர், பதினாறு வருஷத்துக்கு முன் ஹார்ட் அட்டாக்கில் போய்விட்டார் என்று வேலாயுதத்திடம் சொல்லியிருந்தார்கள். பெற்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையும் இந்த நாடு எடுத்துக்கொண்டது.

தமாரா யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள், கையெடுத்து நன்றி சொன்னாள், ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மகனோடும் பேச்சு இல்லை. "தண்ணீர் வேண்டுமா", "வேண்டாம்" என்பதற்கு மேல் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் எதுவும் ஓடவில்லை. கல்யாணத்துக்கு மறுநாளே திரும்புவதற்கு டிக்கெட் போட்டிருந்தாள்.

"நம்ம மேல கோபம்தான்," என்றார் வேலாயுதம். "ஒத்தப் புள்ளைய நாம புடுங்கிக்கிட்டோம். நாளைக்கு மேடையில சும்மா மரம் மாதிரி நின்னுட்டுப் போயிருவாங்க. பெத்தவ மனசு குளிராம தாலி ஏறினா அது நல்லதா? அந்தம்மா வாயத் தெறந்து நல்லா இருங்கன்னு சொல்லணும், லெட்சுமி. எனக்கு அது போதும்."

"நீங்க வாய மூடிக்கிட்டு இருந்தாலே எல்லாம் நல்லா நடக்கும் லா," என்றாள் சீதாலெட்சுமி.

அவர் மூடிக்கொண்டுதான் இருந்தார். ரகசியம் அதுதான். மண்டப வாசலில் வழக்கமாக நிற்கும் யானை ஜோடிக்குப் பதிலாக இந்தத் தடவை இரண்டு கரடிகள். ரஷ்யா என்றால் கரடிதானே? ஷாமினி கொண்டுவந்த சாக்லேட் டப்பாவில் கரடி. ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தில் கரடி. பேப்பரில் கார்ட்டூன் போடுகிறவன்கூட ரஷ்யாவைக் கரடியாகத்தான் போடுகிறான். ஒருநாள் இகோரே சிரித்துக்கொண்டே சொன்னான், "வெளிநாட்டுக்காரங்க வெச்ச பேரு மாமா. தெருவுல கரடி நடக்குதுன்னு நினைக்கிறாங்க. இப்போ எங்க நாட்டுக்காரங்களுக்கே அது புடிச்சிருச்சு." போதாதா? தன் ஊர் அடையாளம் வாசலில் நின்று கும்பிட்டு அழைத்தால் எந்தக் கல்நெஞ்சும் இளகாதா என்பது வேலாயுதத்தின் கணக்கு.

சாக்லேட் டப்பாவைப் பார்த்து நிறத்தைப் பிடித்தார். உடம்புக்கு நிஜக் கரடி பார்க்க வேண்டுமே? ஒரு புதன்கிழமை ஸூ நெகாரா மிருகக்காட்சிசாலைக்குப் போய் அரை நாள் கரடிக் கூண்டு முன்னால் நின்றார். எண்பது படம் எடுத்தார். அது நம் மலாயாக் காட்டுக் கரடி, ரஷ்யக் கரடி வேறு சாதி என்று அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. யாரிடமாவது கேட்டிருக்கலாம். ரகசியமாயிற்றே, எப்படிக் கேட்பார்?

எட்டடி உயரத்தில் இரண்டும் எழுந்தன. பின்னங்காலில் நின்று, முன்னங்கைகளைக் கூப்பி வணக்கம் சொல்லின. கழுத்தில் மல்லிகை மாலை. நெற்றியில் குங்குமம்.

"அண்ணே, கரடிக்குப் பொட்டு வெக்கலாமா?" என்று கேட்டான் அவரிடம் பல வருஷமாக வேலை பார்க்கும் சபாபதி.

"வாசல்ல நிக்கிற எல்லாருக்கும் பொட்டு உண்டுடா," என்றார் வேலாயுதம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரையும் மண்டபத்துக்கு வரச்சொன்னார். மேடையை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றுதான் சொன்னார். வாசலில் இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி மூடி நின்றது. சீதாலெட்சுமி, ஷாமினி, இகோர், கடைசியாகத் தமாரா காரிலிருந்து இறங்கி வந்தார்கள். வேலாயுதம் சபாபதிக்குக் கண் காட்டினார். ஆளுக்கு ஒரு பக்கம் துணியை இழுத்தார்கள்.

"வெல்கம், சம்பந்தியம்மா!" என்று கையை விரித்தார் வேலாயுதம்.

ஒருவரும் கை தட்டவில்லை. ஷாமினி வாயைப் பொத்திக்கொண்டாள். இகோரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. தமாரா ஒரு அடி பின்னால் வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள், பிறகு திரும்பி நடந்து காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இகோர் பின்னாலேயே ஓடினான்.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் சீதாலெட்சுமி. "கரடியா கெடச்சிச்சு ஒங்களுக்கு?"

"ஏன், என்னா? ரஷ்யாவுக்குக் கரடிதானே?"

ஷாமினி அழுதுகொண்டே சொன்னாள். "அப்பா, அவங்க ஹஸ்பண்ட் ஹார்ட் அட்டாக்ல போகல. கரடி அடிச்சுத்தான் செத்துப்போனாரு."

வேலாயுதம் கையிலிருந்த துணியைக் கீழே விட்டுவிட்டார். சீதாலெட்சுமிக்கும் ஷாமினிக்கும் இது ஆரம்பத்திலேயே தெரியும். அவரிடம் மட்டும் மறைத்திருந்தார்கள். காரணம், அவருடைய அக்கா புஷ்பவல்லி. சம்பந்தம் பேசுகிற வீட்டில் யார் எப்படிச் செத்தார்கள் என்று மூன்று தலைமுறைக்குத் தோண்டுகிறவள். துர்மரணம் நடந்த வீடு என்று காதில் விழுந்தால் கல்யாணத்தை நடக்கவிட மாட்டாள். இவரிடம் சொன்னால் அக்காவிடம் சொன்ன மாதிரி. ஆகவே ஹார்ட் அட்டாக்.

"சொல்லியிருந்தா…" என்றார். அவர் வாயை நம்பாதவர்கள் மேல் அவரால் கோபப்படவும் முடியவில்லை. அவமானம்தான் வந்தது. ஒரு பொம்பளையின் புருஷனைக் கொன்ற மிருகத்தைச் செய்து, மாலை போட்டு, பொட்டு வைத்து, வா வா என்று கூப்பிட்டிருக்கிறோமே! விறுவிறுவென்று போய் லோரியிலிருந்து ரம்பத்தை எடுத்து வந்தார். இடது பக்கத்துக் கரடியின் கழுத்து மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு ரம்பத்தை வைத்தார்.

"நியெத்," என்று ஒரு குரல் கேட்டது. வேண்டாம் என்று அர்த்தம் என்பது இந்த நாலு நாளில் அந்த வீட்டுக்கே தெரிந்திருந்தது.

தமாரா காரை விட்டு இறங்கி வந்திருந்தாள். இகோர் அவள் முழங்கையைப் பிடித்திருந்தான். அவள் கரடியின் அருகில் வந்து அண்ணாந்து பார்த்தாள். அதன் நெஞ்சில் பிறை மாதிரி ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. அதை விரலால் தொட்டு, மகனிடம் என்னவோ கேட்டாள்.

"இது என்னன்னு கேக்கிறாங்க, மாமா."

"ஸூல இருக்கிற கரடிக்கு அப்படித்தான் இருந்துச்சு, தம்பி. அதப் பாத்துத்தான் செஞ்சேன்." வேலாயுதம் ரம்பத்தைக் கரடியின் கழுத்திலிருந்து எடுத்தார். "மன்னிச்சிருங்கன்னு சொல்லுப்பா."

இகோர் சொன்னான். தமாரா தலையை ஆட்டினாள். அவள் பேசப் பேச அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இது எங்க கரடி இல்லையாம். உங்க கரடியாம். இது எனக்கு ஒண்ணும் பண்ணல, வெட்டாதீங்கன்னு சொல்றாங்க." அவள் கரடியின் தோளைக் காட்டினாள். "எங்க கரடிக்கு இங்க திமில் இருக்கும். மாடு மாதிரி. காது உருண்டையா இருக்கும். இப்படிக் கும்பிடாது, யாரையும் கும்பிடாது. டவுன்ல இருக்கிறவங்க கொடியில வரையறாங்க, மிட்டாய்த் தாள்ல வரையறாங்க. எங்க ஊர்ல அது வந்தா நாங்க வழி விடுவோம்."

தமாரா நிறுத்தவில்லை. நான்கு நாளாக நாலு வார்த்தை பேசாதவள், ஒரு பாலிஃபோம் பொம்மையின் தோளில் கை வைத்துக்கொண்டு, எங்கோ பார்த்துப் பேசினாள்.

"மீன் ஆத்துல ஏறுற மாசம். அப்பா ரோந்து போனாரு. நானும் காளான் பறிக்கக் கூடப் போனேன்…" அத்தோடு இகோர் நின்றுவிட்டான். அம்மாவின் முகத்தையே பார்த்தான். ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டான். அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

"என்னா ஆச்சு?" என்றார் வேலாயுதம்.

ஷாமினி மெதுவாகச் சொன்னாள். "அவங்க அங்க இருந்தது இகோருக்குத் தெரியாது, அப்பா. சாயங்காலம் தேடிப்போய்த்தான் பாத்தாங்கன்னு இவன்கிட்ட சொல்லியிருந்தாங்க. அப்ப இவனுக்குப் பதிமூணு வயசு."

அதற்கப்புறம் தமாரா பேசப் பேச ஷாமினிதான் தமிழில் சொன்னாள். தாய்க் கரடி புதருக்குள்ளிருந்து வந்தது. இரண்டு குட்டிகள் பின்னால். மனிதர் தெரியாமல் தாய்க்கும் குட்டிகளுக்கும் நடுவில் போய்விட்டார். ஒரே அடியில் விழுந்தார். அவர் துப்பாக்கி தமாராவின் காலடியில் வந்து கிடந்தது. எடுத்துக் குறி வைத்தாள். சுடத் தெரியாதவள் இல்லை. கீழே கிடந்த மனிதர் கத்தினார், "சுடாதே, குட்டி இருக்கு, வானத்துல சுடு." அவள் வானத்தில் சுட்டாள். இரண்டாவது தடவை சுட்டதும் கரடி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"வீட்டுக்கு வந்ததும் பையன் மொகத்தப் பாத்தாங்களாம். ஏன் சுடலன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு பயந்து, நான் அங்க இல்லன்னு சொல்லிட்டாங்க. சொன்னதை மாத்த முடியல. அதனாலதான் இவன் முன்னால வாயத் தெறக்கவே பயம்." ஷாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவன் தூரமா படிக்கப் போனதும், இங்க வந்ததும்கூட, எப்படியோ தெரிஞ்சுதான் வெலகிப் போறான்னு நெனச்சிட்டிருந்தாங்களாம்."

வேலாயுதத்துக்கு இகோரின் தோளைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அது பெற்றவளும் பிள்ளையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய கணக்கு. சீதாலெட்சுமி அவர் கையிலிருந்த ரம்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

இகோர் முட்டி போட்டு, மண்டபத்தின் படியில் உட்கார்ந்துவிட்ட தாயின் இரண்டு கையையும் பிடித்தான். கொஞ்சமாகத்தான் பேசினான். அவள் முதலில் விசும்பினாள். பிறகு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மகனின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னாம்மா சொன்னான்?" என்று மகளின் காதில் கேட்டார் வேலாயுதம்.

"நம்ம வீட்டுல அப்பா பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆளு நீங்கதாம்மா, நான் ஒருநாளும் கேட்டதில்லைன்னு சொல்றான்."

மறுநாள் காலையில் கரடிகள் இரண்டும் வாசலில் நின்றன. வந்த பிள்ளைகள் எல்லாம் அவற்றோடு படம் எடுத்துக்கொண்டன. தமாரா அந்த வழியாக வரவில்லை. என்னதான் இருந்தாலும் முடியவில்லை என்று சொல்லி, மகன் கையைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக் கதவு வழியாக வந்து மேடை ஏறினாள். அது யாருக்கும் குறையாகப் படவில்லை, புஷ்பவல்லியைத் தவிர.

முகூர்த்தம் பத்தரை வரைதான். தேங்காய் மேல் வைத்த தாலி பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டில் சுற்றி வந்தது. தமாராவிடம் வந்ததும், தொட்டு விட்டுவிடுவாள் என்று ஐயர் கையை நீட்டினார். அவள் விடவில்லை. ஒரு கையைத் தட்டில் வைத்தாள், மறு கையால் மகன் தலையையும் மருமகள் தலையையும் மாறி மாறித் தடவினாள், தன் மொழியில் பேச ஆரம்பித்தாள். மண்டபத்தில் முந்நூறு பேருக்கும் ஒரு எழுத்துப் புரியவில்லை. இகோர் குனிந்து, கண்ணீர் வேட்டியில் சொட்ட, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். மேளக்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். மணி பத்து இருபத்தெட்டு.

"நல்ல நேரம் போவுது," என்றார் ஐயர் பதறிப்போய். "அந்தம்மாவைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க."

"போவட்டும் சாமி," என்றார் வேலாயுதம். "அந்தம்மா பதினாறு வருஷமா பேசல. பேசி முடிக்கட்டும்."