டப்பாவுக்கு நான் கொடுத்த சர்டிபிகேட்

முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் நான். கரப்பான்பூச்சியைக் கவிழ்த்துப் போட்டால் ஆணா பெண்ணா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். தவளையும் அப்படித்தான். ஆனால் என் வீட்டுக் கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு கோழி விஷயத்தில் ஐந்து மாதம் திருதிருவென்று முழித்தேன். என் பழைய மாணவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் பரீட்சையில் அவர்கள் முழிக்காத முழியா?

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது காலடியில் ஒரு கறுப்புக் குஞ்சு வந்து நின்றது. சுற்றிலும் விசாரித்தேன், யாரும் சொந்தம் கொண்டாடவில்லை. "சண்டைக்கோழிக் கலப்பு சார், கொண்டுபோங்க" என்றார் காவலாளி. காலி மெழுகுவத்தி டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

என் மனைவி பியாட்ரிஸ் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "கல்லறைக்குப் போனவங்க ஜெபம் சொல்லிட்டு வருவாங்க. நீங்க கோழியோட வர்றீங்க" என்றாள். ஆணா பெண்ணா தெரியாமல் பேர் வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதனால் டப்பா என்றே கூப்பிட்டோம்.

சாந்தோமில் கோயிலுக்குப் பின்னால் ஜொவிட்டாம்மாவின் வீட்டில் கீழ் போர்ஷனில் நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் அவர் தனியாக இருக்கிறார். எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழு அவர் கையில்தான், நல்ல பிரியாணியும் அவர் கையில்தான். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பெட்டைன்னா இருக்கட்டும் வால்டர் சார். சேவல்னா ஈஸ்டருக்கு பிரியாணி. எனக்குத் தூக்கம் வர்றதே விடியக்காலை நாலு மணிக்கு. அந்நேரம் பார்த்து இது கூவினா என் பிரஷர் என்னாகும்?"

அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். குஞ்சு உள்ளங்கை அளவுதான் இருந்தது.

பிறகுதான் வினை. ரிட்டயர் ஆனதிலிருந்து நான் பேசுவதைக் கேட்க ஆளில்லை. நான் வாயைத் திறந்தால் பியாட்ரிஸுக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துவிடும். டப்பா அப்படியில்லை. சாயங்காலம் பேப்பரை விரித்தால் மடியில் ஏறி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, தலையங்கம் வரைக்கும் கேட்கும். பாதியில் எழுந்து போனதே கிடையாது. அதைத் தட்டில் சோற்றோடு நினைத்துப் பார்க்கவே என்னால் முடியவில்லை.

எனவே ஆராய்ச்சியில் இறங்கினேன். கொண்டையைப் பார் என்கிறது பாடப்புத்தகம். சண்டைக்கோழி வகைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் கொண்டையே சின்னதுதான். கழுத்து இறகு கூராக இருந்தால் சேவல், மழுங்கியிருந்தால் பெட்டை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கூராகவும் தெரிந்தது, மழுங்கலாகவும் தெரிந்தது. வாலைத் தூக்கிப் பார்த்துச் சொல்கிற வித்தை ஒன்றை யூடியூபில் காட்டினார்கள். செய்து பார்த்ததில் ஒரு வெள்ளைச் சட்டை போனது. பியாட்ரிஸ் தன் கல்யாண மோதிரத்தை நூலில் கட்டி டப்பாவின் தலைக்கு மேல் தொங்கவிட்டாள். டப்பா அதை விழுங்கப் பார்த்தது.

வாசலுக்கு மீன் கொண்டுவரும் தேவானையிடம் கேட்டேன். கூடையை இறக்கிவைத்து டப்பாவைச் சுற்றிச்சுற்றி வந்து பார்த்தாள்.

"இன்னா சார், என்னாண்ட போய் கேக்குற? வஞ்சிரத்த குடு, வவுத்த அமுக்கிப் பாத்து சொல்றேன். கோயியப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

கடைசியில் நானே முடிவுக்கு வந்தேன். கால் தடிமன், அதில் முள் முளைக்கிற இடத்தில் ஒரு மேடு, நெஞ்சை நிமிர்த்திய நடை. கேஸ் சிலிண்டர் போடுகிறவரை கேட் வரைக்கும் துரத்தியிருக்கிறது. சந்தேகமே இல்லை, சேவல்தான். பியாட்ரிஸிடம் மட்டும் சொன்னேன்.

"துரத்தினா ஆம்பளையா?" என்றாள். "இந்த வீட்ல முப்பத்தெட்டு வருஷமா அதிகாரம் பண்றது யாரு?"

அது நியாயம்தான், ஆனால் விஞ்ஞானம் இல்லையே.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. ஜொவிட்டாம்மா நாற்பது நாளும் கவிச்சி தொடமாட்டார். ஐந்தாவது வாரம் அவர் டப்பாவைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. குழாயடியில் நின்று கேட்டார்: "சார், இது என்னதான் சார்?" பெட்டை என்றேன். குருத்து ஞாயிறன்று கோயில் வாசலில் குருத்தோலையும் கையுமாக மறுபடி கேட்டார். "விலங்கியல் வாத்தியார் சொல்றேன், பெட்டை" என்றேன். பெரிய வியாழன் பூசை முடிந்து வரும்போது, "நிச்சயமா?" என்றார். "சர்டிபிகேட்டே எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

பியாட்ரிஸ் என் முழங்கையைப் பிடித்தாள். "மூணு தடவை ஆச்சுங்க. அதுவும் பெரிய வியாழன். அடுத்தது என்ன கூவும்னு ஞாபகம் இருக்கில்ல?"

ஆண்டவரைத் தெரியாது என்று சீடர் மூன்று தடவை பொய் சொன்னதும் சேவல் கூவிய கதை பங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு இரண்டு நாளாக டப்பா மூலை மூலையாய்ப் புகுந்து, "க்ர்ர்ர்" என்று புதிதாக ஒரு இழுவைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கூவுவதற்குத் தொண்டையைச் சரிபண்ணுகிறது என்று புரிந்துகொண்டேன். டப்பாவின் மேல் கூடையைக் கவிழ்த்து, சத்தம் வெளியே போகாதபடி போர்வையைப் போட்டேன்.

பெரிய வெள்ளியன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "சாமி, சேவலைப் பெட்டைன்னு மூணு தடவை பொய் சொன்னேன்." தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதருக்கு இருமல் வந்தது. ரொம்ப நேரம் இருமினார். பிறகு, "அந்தம்மாகிட்ட நேராப் போய் உண்மையைச் சொல்லுங்க. அதுதான் உங்க பரிகாரம்" என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை கொடுத்திருந்தால் மண்டியிட்டே முடித்திருப்பேன்.

சனிக்கிழமை காலை டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடியேறினேன். ஜொவிட்டாம்மா அன்றிரவு ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளை இஸ்திரி போட்டு ஒரு பெரிய பிரம்புக்கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். நான் சுருக்கமாகப் பேசுகிற ஆள் இல்லை. கல்லறையில் ஆரம்பித்து, இறகு, கால், மோதிரம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எப்போது டப்பா கையிலிருந்து நழுவி இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை.

"பொய் சொன்னது தப்பு ஜொவிட்டாம்மா. அது சேவல்தான். ஆனா அதை வெட்டாதீங்க. வீட்டைக் காலி பண்ணச் சொன்னாலும் பண்றோம். அது ஒண்ணுதான் என் பேச்சைக் கேக்குது" என்றேன். அறுபத்து நாலு வயதில் ஒரு கோழிக்காகக் கண்ணில் தண்ணீர் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வீடே அதிர்கிற மாதிரி சத்தம் கேட்டது. ஜொவிட்டாம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூவிவிட்டது. எல்லாம் முடிந்தது.

சத்தம் நிற்கவில்லை. கொக்கொக்கொக் என்று தொடர்ந்து வந்தது. கண்ணைத் திறந்தால் டப்பா அங்கிக் கூடையின் விளிம்பில் நின்று ஊருக்கே கொக்கரித்துக்கொண்டிருந்தது. ஜொவிட்டாம்மா எழுந்து போய் கூடைக்குள் கையை விட்டார். டப்பா கலைத்துச் சுருட்டியிருந்த வெள்ளை அங்கிகளுக்கு நடுவிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன முட்டையை எடுத்தார்.

அவர் முட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "இன்னும் சூடா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"என் பெரிய பையன் உங்ககிட்டதானே சார் படிச்சான்?"

"ஆமா."

"டாக்டராவான்னு நினைச்சேன். கடைசில கம்ப்யூட்டருக்குப் போயிட்டான். எதனாலன்னு இப்பத்தான் தெரியுது."

நான், "ஜொவிட்டாம்மா, நான் முதல்லயே சொன்னேனே, இது பெ..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்க சார்" என்றார் அவர், டப்பாவைத் தூக்கி என் கையில் கொடுத்துக்கொண்டே. "அதுவே சொல்லிடுச்சு."

என் படிப்பை ஒருத்தர் இப்படிக் கழுவி ஊற்ற, நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.