இரண்டு கதவுக் காரில் இரண்டு பிள்ளைகள்

1

இந்தக் கதை இரண்டு கால்களிலிருந்து வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, என் சன்னலுக்குக் கீழே, அடுக்குமாடியின் வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு பச்சைக் காரின் கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு காலில் செருப்பு இல்லை. மீதி உடம்பு பின்னிருக்கையில் இருந்தது. உள்ளிருந்து ஒரு குரல் யாரையோ திட்டியது. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அடுப்பில் பால் பொங்கியது. அணைத்துவிட்டு வந்தேன். கார் இல்லை. மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "அது ஒரு விளையாட்டுக் கார்." படிப்பவர் பொம்மை என்று நினைப்பார். அடித்தேன்.

இரண்டாவது: "வேகம் என்பது தனிமையின்—" இதை முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.

மூன்றாவது: "நான்கு பேர் உட்காரலாம் என்றார்கள் அந்தக் காரைச் செய்தவர்கள். பின்னால் உட்காரும் இருவருக்கும் கால் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை."

இது பரவாயில்லை. இதிலிருந்து போகலாம்.

3

கால்களுக்கு ஓர் ஆள் வேண்டும். முதலில் வங்கி ஊழியனாக்கினேன். வங்கி ஊழியன் காருக்குள் நுழையாமலே ஆள் வைத்து வேலையை முடித்துவிட்டான். கதை அரைப் பக்கத்தில் செத்துப்போனது.

பிறகு அவன் நாடகத்துக்கு மேடை அமைப்பவன் ஆனான். சுவர், படிக்கட்டு, சன்னல், சன்னலுக்கு வெளியே வானம், எல்லாவற்றையும் மரத்திலும் துணியிலும் செய்பவன். அவன் கட்டும் சுவருக்கு ஒரு பக்கம்தான் உண்டு.

காரும் மேடையிலிருந்துதான் வந்தது. ஒரு நாடகத்தில் நாயகன் கூரை திறந்த காரில் வந்து இறங்க வேண்டும். பத்தடி நகர்ந்தால் போதும். நாடகம் ஓடவில்லை. காரை வைத்துக்கொள்ள யாரிடமும் இடமில்லை. அவன் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மேடையில் அதன் பின்னிருக்கையில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் உட்காரவில்லை.*

* அதை மாற்றிவிட்டு நாலு கதவுக் கார் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மூன்று காரணம் எழுதினேன். மூன்றையும் அடித்தேன். அவனிடம் இருப்பது இந்தக் கார்.

4

அவனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவன் இப்போதுதான் நடக்கிறான். இருவரும் தாயோடு இருக்கிறார்கள். பிரிந்ததிலிருந்து அவன் பிள்ளைகளை அவள் வீட்டுக் கூடத்தில்தான் பார்த்துவருகிறான். விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, காப்பி வேண்டாம் என்று சொல்லி.

இன்று முதல்முறையாகப் பிள்ளைகள் அவனோடு போய் ஓர் இரவு தங்க வேண்டும். தாய் தொலைபேசியில் ஒன்றுதான் சொன்னாள்.

"கார்ல குழந்தை சீட்டு ரெண்டும் சரியா மாட்டியிருந்தா அனுப்பறேன். இல்லன்னா இல்ல."

அவள் லிஃப்ட் ஆய்வாளர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டுகளைச் சோதிப்பவள். எதையும் முதலில் பிடித்து ஆட்டுவாள், பிறகுதான் பேசுவாள். (பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையே— இதை அடித்துவிட்டேன். மலிவான சிரிப்பு. ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள்.)

5

அவள் அடுக்குமாடியின் நிறுத்துமிடத்துக்கு அவன் சீக்கிரமே வந்துவிட்டான். குழந்தை இருக்கைகளை வீட்டிலேயே பொருத்திக்கொண்டு வந்திருந்தான். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பின்னால் நுழைந்தான். இரண்டு கதவுக் காரில் பின்னால் நுழைவது தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவது மாதிரி. தலை போய்விடும். மற்றவை யோசிக்கும்.

"யாரு இது, கால் மட்டும் வந்திருக்கு?"

முன்னாள் மனைவியின் குரல்.

"வந்துட்டேன். ஒரு நிமிஷம். பெல்ட்ல சட்டை மாட்டிக்கிச்சு."

பெரியவள் ஒரு காலைப் பிடித்தாள். "இழுக்கட்டாப்பா?"

"வேணாம் கண்ணு. அது ஏற்கெனவே நீளம்."

அவன் வெளியே வந்து முடியைக் கோதிக்கொண்டான். கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றான்.

"பாருங்க."

பிரிந்த பிறகு இருவருக்கும் இடையில் 'நீங்க' வந்துவிட்டது. சேர்ந்திருந்தபோது இவ்வளவு மரியாதை இல்லை.

அவள் சின்னவனை அவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தாள். வலது பக்கம் பெரியவளின் இருக்கை. ஆட்டினாள். அசையவில்லை. இடது பக்கம் சின்னவனுடையது, அந்த வயதுக்கு உரியபடி பின்பக்கம் பார்த்திருந்தது. அதற்கு இடம்விட முன்னிருக்கையை டாஷ்போர்டில் முட்டும்வரை தள்ளியிருந்தான். ஆட்டினாள். அதுவும் அசையவில்லை.

அவன் முகத்தில் [திரை இறங்கியதும் கைதட்டல் கேட்கும்—] வேண்டாம். அவன் சிரித்தான்.

அவள் இருக்கைக்கு அடியில் கையைவிட்டாள்.

"இது என்ன?"

இரண்டு விரலால் ஒரு மரத்துண்டை உருவி எடுத்தாள். இழைத்து, மூலை மழுக்கி, காரின் நிறத்திலேயே துணி ஒட்டிய ஆப்பு.

"ஆப்பு."

"தெரியுது. எனக்கா வச்சீங்க?"

"பின்சீட்டு கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கு. இது அடி தட்டை. நடுவுல இடைவெளி வருது. அதான் முட்டுக் குடுத்தேன். நல்ல தேக்கு."

அவள் இன்னொன்றை உருவினாள். இன்னொன்று. இருக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெல்ட் தளர்ந்து தொங்கியது.

"தேக்கா இருந்தா என்ன, தங்கமா இருந்தா என்ன? இவ்வளவு நேரம் இதைப் பிடிச்சிட்டிருந்தது கட்டை. பெல்ட் சும்மா கிடக்கு. எங்க லிஃப்ட்லயும் ஆப்பு உண்டு. லிஃப்ட் கீழ விழுந்தா அது பக்கத்துத் தண்டவாளத்தைக் கடிச்சு நிறுத்தும். உங்க ஆப்பு, வண்டி நிக்கிற வரைக்கும்தான் கடிக்கும்."

அவன் கட்டிய சுவர்கள் எல்லாம் பின்னால் ஒரு முட்டுக்கட்டையோடுதான் நின்றன. ஒன்றும் விழுந்ததில்லை. எந்தச் சுவரும் எங்கும் பயணம் போனதும் இல்லை.

அவள் ஆப்புகளைச் சுவரோரத் திண்டில் வரிசையாக வைத்தாள். சின்னவனை வாங்கிக்கொண்டாள்.

"மேல போலாம் வா," என்றாள் பெரியவளிடம்.

6

இங்கே முடித்தால் நல்ல கதை என்பார்கள். கறாரான கதை. வாசகனை ஏமாற்றாத கதை. இப்படி முடிப்பது சுலபம். கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடலாம்.

ஆனால் பெரியவள் தோளில் பை இருந்தது. மாற்று உடுப்பு, பல் துலக்கி, ஒரு காது பிய்ந்த முயல். பையை மாட்டிவிட்டு அவளைத் திரும்ப மேலே அனுப்ப எனக்குக் கை வரவில்லை. "அவள் அழுதாள்" என்று எழுதினேன். அவள் அழவில்லை. அழுகிற பிள்ளையாக நான் அவளை எழுதியிருக்கவில்லை.

"அப்பாவுக்குத் தெரியலன்னா நீ மாட்டிக் குடேன்மா," என்றாள். "நீதான் அவ்வளவு பெரிய லிஃப்ட்டையே பாக்கறியே."

தாய் நின்றாள்.

7

பெல்ட்டை இறுக்க ஒரே வழிதான். ஒருவர் இருக்கைக்குள் முட்டி போட்டு முழு உடம்பையும் அழுத்த வேண்டும். அது பின்சீட்டின் பஞ்சுக்குள் அமுங்கும்போது இன்னொருவர் பெல்ட்டை இழுக்க வேண்டும். வேறு காரில் ஒருவரே இரண்டையும் செய்யலாம். இந்தக் காரில் அழுத்தினால் கை எட்டாது, கை எட்டினால் தலை இடிக்கும்.

"கூரையைத் திறங்க," என்றாள்.

கூரை மடிந்து டிக்கிக்குள்தான் போய்ப் படுக்கும். டிக்கியில் மணல் மூட்டைகள் இரண்டு கிடந்தன, மேடைச் சுவர் சாயாமல் இருக்க அடியில் போடுபவை. அவன் அவற்றைத் தூக்கித் தரையில் வைத்தான். பொத்தானை அழுத்தினான். கூரை எழுந்து, யோசித்து, மடிந்து உள்ளே போனது. சின்னவன் மேலே காட்டி "ஆ" என்றான். வானத்தை யாரோ அப்போதுதான் திறந்துவைத்த மாதிரி.

அவன் பக்கவாட்டில் காலைத் தூக்கிப்போட்டு ஏறி, சின்னவனின் இருக்கைக்குள் முட்டி போட்டான். அவள் சின்னவனைப் பெரியவள் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து சாய்ந்து பெல்ட்டைப் பிடித்தாள்.

"அழுத்துங்க."

"அழுத்தறேன்."

"இதுவா? பூனையத் தடவிக் குடுக்கற மாதிரி இருக்கு. முழு எடையையும் போடுங்க."

"போட்டாச்சு. இதுக்கு மேல வேணும்னா சாப்பிட்டுட்டுத்தான் வரணும்."

"அழுத்துடா!"

பெல்ட் சரசரவென்று உள்ளே போய் இறுகியது. 'டா' வந்ததை இருவரும் கேட்டார்கள். இருவரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். பெரியவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

(இங்கே நான் நெடுநேரம் நின்றேன். "அவர்கள் கண்கள் சந்தித்—" சந்திக்கவில்லை. அவன் முகம் குழந்தை இருக்கையின் தலைமெத்தையில் அழுந்திக் கிடந்தது.)

8

இரண்டாவது இருக்கையையும் அப்படியே இறுக்கினார்கள். அவள் ஆட்டிப் பார்த்தாள். கார்தான் ஆடியது.

"சரியா?" என்றான்.

"இருங்க. ஆள் ஏறுறதுக்கு முன்னாடி எடை ஏத்திப் பாக்கணும்."

அவள் கண் மணல் மூட்டைகளில் நின்றது. ஒன்றைச் சின்னவனின் இருக்கையிலும் இன்னொன்றைப் பெரியவளுடையதிலும் உட்காரவைத்து வாரை மாட்டினார்கள். பெரியவள் கூடவே நின்றாள். "கழுத்துல படாமப் போடு. வலிக்கும் அதுக்கு."

தாய் அவனிடம் கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

அவள் ஓட்டினாள். வளாகத்தின் ஓரம்வரை வேகமாகப் போய் பிரேக்கை மிதித்தாள். மூட்டைகள் அசையவில்லை. திருப்பி, வளைத்து, மறுபடி மிதித்தாள். அசையவில்லை.

அவன் சின்னவனைத் தூக்கிக்கொண்டு, பெரியவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இவ்வளவு நாளும் கிளம்பிப் போகிறவன் அவன்தான். நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே இடத்தில் அவள் நிற்க வேண்டும்.

நான் இரண்டு சுற்றுதான் எழுதியிருந்தேன். அவள் வாயிலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள்.

"அம்மா எங்கப்பா போறா?"

"பிரேக் பாக்கறா."

"அவ்ளோ தூரத்துலயா?"

"நல்லாப் பாக்கறா."

நான் காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள். சின்னவன் அப்பாவின் மூக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். தாயின் பிள்ளை.

கார் திரும்பி வந்தது. அவள் முடி முகம் முழுக்கக் கிடந்தது. மூட்டைகள் வைத்தபடியே இருந்தன. இறங்கினாள். முகத்தை ஆய்வாளர் முகமாக்க முயன்றாள். பாதிதான் முடிந்தது.

"மூணாவது கியர் முரண்டு பண்ணுது," என்றாள்.

9

இனி முடிவு.

நால்வரும் அந்தக் காரில் போவதுதான் எனக்கு ஆசை. உங்களுக்கும் இருக்கும். எழுதியும் பார்த்தேன். முன்னிருக்கை டாஷ்போர்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரு கைப்பை உட்காரலாம், தாய் உட்கார முடியாது. ஒரு வரைவில் அவளைக் குறுக்காக மடித்துவைத்தேன். ஒரு வரைவில் சின்னவனைப் பக்கத்து வீட்டில் விட்டேன். குழந்தையை இறக்கிவிட்டுச் சேருகிற குடும்பம் எனக்கு வேண்டாம். காரைக் கொஞ்சம் நீளமாக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. அதுவும் ஆப்பு வைக்கிற வேலைதான். கதை நகராதவரை நிற்கும்.

ஆகவே மூவர் போகிறார்கள்.

மூட்டைகளை இறக்கினார்கள். அவன் பெரியவளை உட்காரவைத்தான். தாய் சின்னவனை உட்காரவைத்தாள். ஆளுக்கொரு பக்கம் வாரை இழுத்தார்கள். டிக்கியில் கூரை படுத்திருந்தது. மூட்டைகளுக்கு இடமில்லை.

"கூரையை மூடிட்டா மூட்டை உள்ள போயிடும்," என்றான்.

"மூடக் கூடாது!" என்றாள் பெரியவள். பிறகு தாயைப் பார்த்தாள். "அம்மா, இவங்களுக்கு இடமில்ல. நீ பாத்துக்கோ. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்."

"சரி."

"சாப்பாடு குடுக்க வேணாம்."

"சரிம்மா."

"ஆனா தனியா விட்டுட்டுப் போயிடாத."

அவள் பெரியவளின் கன்னத்தைத் தொட்டாள். திண்டிலிருந்த ஆப்புகளை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"மெதுவா போ," என்றாள் அவனிடம்.

அவன் தலையாட்டினான். மெதுவாகத்தான் போனான். வாயிலில் இரண்டு சின்னக் கைகள் மேலே எழுந்தன. ஒன்று அம்மாவுக்கு ஆட்டியது. சின்னவன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவளைக் கடைசிவரை பார்த்தபடியே போனான். அவன் கை வானத்துக்கு ஆட்டியது.

10

நான் அவனோடு போகாமல் இங்கேயே நின்றுவிட்டேன்.

நிறுத்துமிடம் காலியாக இருக்கிறது. அவள் நிற்கிறாள். காலடியில் இரண்டு மூட்டைகள். மேலே போக லிஃப்ட் இருக்கிறது. அதை அவள்தான் சோதித்துச் சரி என்று எழுதியிருக்கிறாள். நாளை மாலைவரை அவளுக்கு வேலை இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு முழுச் சனிக்கிழமை அவளுடையது. அந்தத் தெருவில் கார் ஓட்டிப் போனபோது எங்கே போக நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

மூட்டைகளை அவள் தூக்குவாளா, அங்கேயே வைத்துவிட்டு நடப்பாளா, தூக்கினால் எங்கே வைப்பாள், உட்காரவைப்பாளா, படுக்கவைப்பாளா, நாளை அவன் வந்து கேட்கும்போது கதவை எவ்வளவு திறப்பாள், இவை நீங்கள் எழுத வேண்டியவை. கீழே இடம் விட்டிருக்கிறேன். அவளுக்கு எதுவும் பொருந்தும். அவசரப்பட வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் என்ன எழுதினாலும் பின்னிருக்கையில் கை வைக்காதீர்கள். அது இறுகியிருக்கிறது.

.........................................................

.........................................................