சின்னவளின் எட்டுச் சுற்று

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். பெரியவள் தன் தட்டில் கிடந்த வெள்ளரித் துண்டுகளை முறைத்துப் பார்த்தாள்.

“எவ்வளவு சாப்பிட்டாலும் சின்னவ உடம்புல ஒட்டவே மாட்டேங்குது பாரு,” என்றான் பெரியவளின் கணவன். சாதாரணமாகத்தான் சொன்னான். பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சின்னவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிந்ததும் பூங்காவை எட்டுச் சுற்று ஓடிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். பெரியவளுக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஒரே நாற்காலி. கொடியில் காயும் சின்னவளின் சட்டையை மடிக்கும்போதெல்லாம், அது தன் தோளில்கூட ஏறாது என்ற நினைப்பு அவளைக் குத்தும்.

அன்று மாமியாரிடம் மெல்லச் சொன்னாள்: “இவ்வளவு தின்னும் சதை போடலன்னா உள்ளுக்குள்ள ஏதாவது வியாதி இருக்கும் அத்தை.” சொல்லிவிட்டுத் திரும்பினால், சின்னவள் கதவருகே நின்றிருந்தாள். அவள் அப்படியே உள்ளே போய்விட்டாள்.

மறுவாரம் ஒரு விடியற்காலை பெரியவள் யாரிடமும் சொல்லாமல் பூங்காவுக்குப் போனாள். எட்டுச் சுற்று அவளால் முடியுமென்றால் என்னால் மட்டும் முடியாதா? வீம்பாக ஓடினாள். நான்காவது சுற்றில் முழங்காலில் சுரீரென்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிட ஓடி வந்தது சின்னவள்தான்.

வீட்டில் முழங்காலுக்கு ஐஸ் வைத்தபடி சின்னவள் கேட்டாள்: “ஏன்க்கா இப்படி?”

“உன்ன மாதிரி ஆகணும்னுதான்,” என்றாள் பெரியவள்.

சின்னவள் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தாள். “அன்னிக்கு அத்தைகிட்ட நீங்க சொன்னது சரிதான்க்கா. எனக்கு ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தி. பரம்பரை. எங்கப்பா நாப்பத்தாறு வயசுல மாரடைப்புல போனாரு, அண்ணன் நாப்பத்திரண்டுல. ரெண்டு பேருமே என்னைவிட ஒல்லி. நான் அழகுக்கு ஓடல, பயத்துல ஓடறேன். உங்கம்மா எழுபத்தஞ்சு வயசுல தனியா பஸ் ஏறி வர்றாங்க. அதப் பாத்து எனக்குத்தான் உங்கமேல பொறாமை.”

பெரியவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நான் பேசினது தப்பு. மன்னிச்சிடு.”

“அதுவுமில்லாம என்னோடது தினமும் ஆஸ்பத்திரில மாடி ஏறி இறங்கிப் பழகின காலு. நாள் பூரா உட்கார்ந்திருக்கற காலு திடீர்னு ஓடினா தாங்குமா?”

முழங்கால் ஆற ஆறு வாரம் பிடித்தது. அதன்பின் பெரியவள் அலுவலக அழைப்புகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னாள், மின்தூக்கியை விட்டுப் படியேறினாள், சாயங்காலம் அரை மணி நேரம் நடந்தாள். எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இரவில் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் அலுவலகத் தோழி கேட்டாள்: “உங்க ஓரகத்தி சிக்குன்னு இருக்காங்களே, என்ன பயிற்சி செய்யறாங்க? எனக்கும் சொல்லுங்களேன்.”

“அது அவ உடம்புக்கு,” என்றாள் பெரியவள். “முதல்ல உங்க அப்பா அம்மாவுக்கு என்னென்ன நோய் இருந்துச்சுன்னு கேளுங்க. உங்க நாள் எப்படிப் போகுதுன்னு பாருங்க. டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. பிறப்புல வந்தத நாம மாத்த முடியாது. தினமும் அசையறதும் உட்கார்ந்தே கிடக்கறதும் நம்ம கையிலதான் இருக்கு. அடுத்தவங்க உடம்பப் பாத்து ஏங்கறவங்க தங்க உடம்ப கவனிக்கவே மாட்டாங்க. நான் அப்படித்தான் இருந்தேன்.”