மூன்று சதவீதம்

மெயின் சுவிட்சை இழுத்து இறக்கிவிட்டு ஓடிவந்தாள் இன்ஜினியர் ஷெர்லின். கண்ணாடிக் கதவைத் திறக்கப்போன முதலாளி செந்தூர்வேலின் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க அண்ணாச்சி!"

"உள்ள எம் மக இருக்காம்மா!"

இருந்தாள். ஐஸ்வர்யா புது இயந்திரத்துக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், தரையில், குத்துவிளக்கு.

எரிந்துகொண்டிருந்தது.

ஆறுமுகநேரி உப்பளத்தை ஒட்டிய ஷெட். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டு பிளீச்சிங் திரவம் எடுக்கும் யூனிட். இன்று திறப்பு விழா. கூடவே கிளம்பும் ஹைட்ரஜனை வெளியேற்றும் குழாயை மாட்டத்தான் ஷெர்லின் வந்திருந்தாள். அதற்குள் யாரோ இயந்திரத்தை ஓட்டியிருந்தார்கள்.

"வாடையே இல்லியே?"

ஷெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "ஹைட்ரஜனுக்கு வாடை கிடையாது. கூரையை ஒட்டி நிக்குது. கதவைத் திறந்தா கடல்காத்து அதைக் கலக்கி விளக்குல இறக்கிரும். நூத்துக்கு நாலு பங்கு இருந்தா போதும், வெடிக்கும்."

காரணத்தைச் சொன்னால் ஐஸ்வர்யா பயந்து கதவுக்கு ஓடிவருவாள். ஷெர்லின் கண்ணாடியை மெல்லத் தட்டினாள்.

"ஐஸு, அந்த விளக்கை அணைச்சிரேன்!"

"நல்ல நாளும் அதுவுமா அணைக்கச் சொல்லுதீங்களே! போங்கக்கா." சிரித்தாள்.

"ஏளா, அக்கா சொல்லுதத கேளு!" என்றார் செந்தூர்வேல். அவள் அதற்குள் மாலைக்குத் திரும்பிவிட்டாள்.

"எப்போ அண்ணாச்சி சுவிட்ச் போட்டீங்க?"

"காலையில... அஞ்சு மணிக்கு." தரையைப் பார்த்துச் சொன்னார்.

இப்போது மணி பத்து. ஷெர்லின் செல்போனில் கணக்குப் போட்டாள். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம். அதை அவகாட்ரோ எண்ணால் பெருக்கு. ஒரு மோல் எலக்ட்ரானுக்குக் கிட்டத்தட்ட தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறு கூலும். இயந்திரம் ஆயிரம் ஆம்பியர். ஐந்து மணி நேரத்தில் ஒரு கோடியே எண்பது லட்சம் கூலும். வகுத்தாள். இரண்டு எலக்ட்ரானுக்கு ஒரு ஹைட்ரஜன், பாதியாக்கினாள். அந்த வாயுவின் கன அளவை அறையின் கொள்ளளவோடு ஒப்பிட்டாள்.

மூன்று சதவீதம்கூட இல்லை!

"முழுசாக் கலந்தாலும் பிடிக்காது அண்ணாச்சி." மூச்சு வந்தது. கைப்பிடியை இழுத்தாள். கதவு ஒரு விரற்கடை விலகியது. காற்று உள்ளே புகுந்தது. சுடர் சாய்ந்தது.

"யம்மா, திறக்காத!" செந்தூர்வேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பேங்க் மேனேஜருக்கு விழாவுக்கு வர இன்னைக்குத்தான் நேரம் ஒழிஞ்சுது. ஆனா இன்னைக்கு அஷ்டமியில்லா, ஆகாத நாளு? அதான்... காலையில இல்லம்மா. நேத்து சாயங்காலமே நல்ல நேரம் பாத்து சுவிட்சப் போட்டுட்டேன்."