விமானத்திலிருந்து முகாமுக்கு

நசரத்பேட்டைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் அந்த விமானம் மூன்று நாட்களாகப் பறந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் பிளைவுட். இறக்கை கிடையாது, ஜன்னலுக்கு வெளியே பச்சைத் துணி. படத்தின் கதைப்படி, ஆறு அகதிகள் அதைக் கடத்திப்போய் வெளிநாட்டில் தஞ்சம் கேட்கிறார்கள். அகதிகளாக நடித்த ஆறு பேரும் சென்னையின் பாடிப் பகுதியில் ஒரே ஜிம்மில் உடம்பு வளர்த்தவர்கள்.

நிஜ அகதி ஒருத்தியும் உள்ளே இருந்தாள். பதினான்காம் வரிசையில், பயணியாக. யோகமலர், புழலில் உள்ள இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். அகதி வேடம்தான் கேட்டாள். முகம் பொருந்தவில்லை என்று உதவி இயக்குநர் தமிழ்வாணன் பயணிகளோடு உட்கார வைத்துவிட்டான்.

இரண்டு மணிக்குக் கணவன் போன் செய்தான். நாளை என்றிருந்த முகாம் கணக்கெடுப்பு இன்றே நடக்கிறது. ஐந்து மணிக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவறவிட்டிருந்தாள். மூன்றாவதும் தவறினால் பதிவேட்டில் பெயர் இருக்காது என்று அதிகாரி எச்சரித்திருந்தார்.

"தம்பி, நான் இப்ப இறங்கோணும்" என்றாள் தமிழ்வாணனிடம்.

"இன்னாக்கா, இது பஸ்ஸா? மூணு நாளா அந்த சீட்ல கீற. திடீர்னு காலியா இருந்தா படம் பாக்குறவன் கேக்க மாட்டான்?"

கடத்தல்காரர்களின் தலைவன் பரந்தாமன், துப்பாக்கியை மடியில் வைத்துச் சுண்டல் தின்றுகொண்டிருந்தான். "அடுத்த சீன்ல பெட்ரோல் போட எறக்குறோம்கா. அப்ப ஓடிடு."

"ஓடினா சுட மாட்டியளோ?"

"டைரக்டர் சொன்னா சுட்டுதான் ஆவணும்."

யோகமலர் யோசித்தாள். "நீங்க அகதியள்தானே? பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருந்தா முதல்ல அவளை இறக்கிவிட மாட்டியளோ? எங்கட அம்மா வந்த படகில அவவுக்குத்தான் முதல் இடம் குடுத்தவை. வயித்துக்குள்ள நான் இருந்தனான்."

பரந்தாமன் சுண்டலை வைத்துவிட்டு நேராக இயக்குநரிடம் போனான்.

இயக்குநருக்குப் பிடித்துவிட்டது. இதுவரை எடுத்ததில் முன் இருக்கை அவள் வயிற்றை மறைத்திருந்ததும் நல்லதாயிற்று. ஒரு தலையணையைக் கட்டிவிட்டார்கள். முதல் டேக்கில் பரந்தாமன் வசனத்தை மறந்தான். இரண்டாவதில், "இந்தம்மாவ எறக்கி வுடுங்கடா!" என்று கூரை அதிரக் கத்தினான். யோகமலர் வயிற்றைப் பிடித்தபடி படியிறங்கினாள். 'கட்' என்ற சத்தம் கேட்டபோது அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள். மணி மூன்றே முக்கால்.

"பைபாஸ் வழியா புழல், அண்ணா. கெதியா!"

ஆட்டோக்காரர் வேலுசாமி அவள் வயிற்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு எந்த லாரிக்கும் வழிவிடவில்லை. "பல்லக் கட்ச்சிகினு இரும்மா, தோ வந்துட்டோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் மறுக்கவில்லை.

நாலு ஐம்பதுக்கு முகாம் மேசை முன் நின்றாள். அதிகாரி பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"ஓ, இதனாலதான் ரெண்டு தடவை வரலையா? எத்தனை மாசம்?"

வரிசையில் நின்ற கணவன் வாய் பிளந்தான்.

"ரெண்டு மணி நேரம், சார்" என்று தலையணையை உருவி மேசைமேல் வைத்தாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். "எங்கேருந்தும்மா வர்றே?"

"பிளேன்ல இருந்து நேரா வாறன், சார்."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். பிறந்த இடம்: புழல். நாடு: இலங்கை. அந்த நாட்டை அவள் இதுவரை பார்த்ததில்லை. தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அந்த வரிக்கு நேராகக் கையெழுத்துப் போட்டாள்.

போன் அடித்தது. தமிழ்வாணன்.

"அக்கா, ஷாட் ஓகே. ஆனா டைரக்டர் இன்னொரு ஆங்கிள் கேக்குறாரு. நாளைக்கு வந்து மறுபடி ஏறிக்கோ."