மூன்று சீரிஸும் ஒரு ரிவர்ஸ் கியரும்

பெரிய சகலைக்கும் சின்ன சகலைக்கும் ஆகாது என்பது அந்தக் குடும்பத்துக்குப் பால் ஊற்றுகிறவர் வரைக்கும் தெரிந்த சங்கதி. அக்காளைக் கட்டியவர் பெரியவர். நாலு கட்டடம், இரண்டு கார், எல்லாவற்றுக்கும் ஒரு அபிப்பிராயம். தங்கையைக் கட்டியவன் மெக்கானிக். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரு ஷெட், அதுவும் பெரியவருடைய இடத்தில். இடது கையால் வேலை செய்கிறவன் என்பதால் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னாலேயே அவனைப் 'பீச்சாங்கை' என்றுதான் கூப்பிடுவார். பத்து வருடமாக அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஷெட் வேண்டுமே.

ஷெட்டின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிந்தது. புதுப் பத்திரம் பெரியவரின் பையில் இருந்தது, கையெழுத்து மட்டும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் அன்று காலை அவனைக் கார் பார்க்க இழுத்துக்கொண்டு போனார்.

வியாபாரியின் கிடங்கில் மூன்று பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சுவரை ஒட்டி மூக்கை வைத்து நின்றன. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். வந்த வருடத்தை வைத்து முதல் சீரிஸ், இரண்டாம் சீரிஸ், மூன்றாம் சீரிஸ் என்பார்கள். முதலாவதுக்கு முன்னால் பம்பரே கிடையாது, கியர் நாலு. இரண்டாவதுக்கு மெல்லிய இரும்புப் பம்பர். மூன்றாவதுக்குத் தடித்த கறுப்பு ரப்பர் பம்பர், பெரிய இன்ஜின், ஐந்து கியர். இதையெல்லாம் பெரியவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். புத்தகம் புத்தகமாகப் படித்திருந்தார், ஆனால் இந்த மூன்றில் எதையும் ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. அவருக்கு வேண்டியது முதல் சீரிஸ்தான். பழைய கார்ச் சங்கத்தின் ஊர்வலத்தில் அதற்குத்தான் முன்வரிசை. அசல் என்று ஒரு மெக்கானிக் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் சங்கம் ஒத்துக்கொள்ளும். அதற்குத்தான் பீச்சாங்கை.

மெக்கானிக் சாக்கை விரித்து ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் படுத்து எழுந்தான். இரண்டாவது துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. மூன்றாவது கல்லு மாதிரி இருந்தது. மனசாட்சியோடு சொல்வதானால் வாங்க வேண்டியது அதைத்தான். கடைசியாக முதல் சீரிஸின் அடியில் நுழைந்து, மூக்குத் தகட்டின் உள்பக்கத்தை விரலால் தடவினான். வட்டமாக ஒரு வெல்டிங் பற்றவைப்பு. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நாலு.

அது யார் கை என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் பற்றவைப்பை ஒரு திசையில் சுற்றிக்கொண்டு வருவார்கள், அவன் எதிர்த் திசையில் சுற்றுவான். உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தேய்க்காமல் விட்ட சோம்பேறித்தனமும் அவனுடையதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் வெறும் பாடியை லாரியில் கொண்டுவந்து, முன்னாலிருக்கும் நாலு துளைகளை அடைத்துத் தரச் சொன்னான். எதற்கு என்று இவன் கேட்கவில்லை. ரப்பர் பம்பரை மாட்டுகிற துளைகள் அவை. மூன்றாம் சீரிஸுக்கு முதல் சீரிஸ் வேஷம் போட்டிருக்கிறார்கள், வேஷத்தில் பாதி இவன் கைவேலை.

வெளியே வந்து, இது வேண்டாம், ரப்பர் பம்பர் வண்டியை வாங்குங்கள் என்றான். பெரியவர் சிரித்தார். நல்லதைக் கண்டால் உனக்கு எப்போதுமே வயிற்றெரிச்சல் என்றார். மாமனார் உன்னை எனக்குச் சமமாக உட்கார வைத்ததே தப்பு என்றார். அதுவரைக்கும் துளை அடைத்த கதையைச் சொல்லாமலே போய்விடலாமா என்றுதான் மெக்கானிக் யோசித்துக்கொண்டிருந்தான். வாங்கி நாசமாய்ப் போகட்டும், நமக்கு ஷெட் கிடைத்தால் போதும். மாமனார் பேச்சு வந்ததும் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இது முதல் சீரிஸ் இல்ல. மூக்குல நாலு ஓட்டைய அடைச்சிருக்கு. அடைச்சதே நான்தான்."

பெரியவர் வாசலைப் பார்த்தார். வியாபாரி தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரியவரின் முகத்தில் கோபம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அதுதான் மெக்கானிக்குக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. வெளியில சொன்னா நாறுறது உன் பேருதான். நீ சொல்லமாட்ட. இதுல கையெழுத்துப் போடு, ஷெட்டுப் பத்திரத்துல நான் போடுறேன்."

சங்கத்தின் தாளையும் பேனாவையும் நீட்டினார். மெக்கானிக் பேனாவை வாங்கவில்லை. இடுப்பிலிருந்து ஷெட் சாவியை எடுத்து அந்தத் தாளின் மேல் வைத்தான்.

"என் பேரு நாறட்டும். சங்கத்துல நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

பெரியவருக்கு முகம் சிவந்தது. சோறு போட்ட கையைக் கடிக்கிறாயா என்று கத்தினார். இவன் இல்லாவிட்டால் ஊரில் வேறு மெக்கானிக்கே இல்லையா, இப்போதே வண்டியை வெளியே எடுத்துக் காட்டுகிறேன் என்று வியாபாரியைக் கூப்பிட்டுச் சாவி வாங்கினார். வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார்.

"கியரு..." என்று மெக்கானிக் ஆரம்பித்தான். வேஷம் போட்டவர்கள் கியர் பாக்ஸை மாற்றவில்லை என்பதை அடியில் படுத்தபோதே பார்த்திருந்தான்.

"வாய மூடு. முதல் சீரிஸுக்கு ரிவர்ஸ் எங்கன்னு பீச்சாங்கை எனக்குச் சொல்லித்தர வேணாம்."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டான். இரண்டாம் தடவை சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புத்தகத்தில் படித்தபடியே பெரியவர் கியர் கம்பியை அழுத்தி, இடது பக்கம் தள்ளி, முன்னால் போட்டார். நாலு கியர் வண்டியில் அது ரிவர்ஸ். ஐந்து கியர் வண்டியில் அது ஒன்றாம் கியர். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி முன்னால் பாய்ந்து சுவரில் மோதி நின்றது.

மூக்கில் பூசியிருந்த பட்டியும் பெயின்டும் பாளம் பாளமாக உதிர்ந்தன. உள்ளே நாலு வட்டத் தகடுகள் பளிச்சென்று தெரிந்தன. வியாபாரி ஓடிவந்து பார்த்தார். தகடுகளைப் பார்த்து அவர் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"இடிச்சது நீங்க சார். இனிமே இது உங்க வண்டி."

பெரியவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மெக்கானிக்கைப் பார்த்தார். ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. பத்து வருடத்தில் முதல் தடவையாக அவர் பீச்சாங்கை என்று சொல்லாமல், "சகலை" என்றார்.

மெக்கானிக் சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். மனசு நிறைந்துதான் இருந்தது, அதை மறைப்பானேன். நாளைக் காலையில் எங்கே போய் வேலை செய்வது என்பது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.