காதுக்குக் கேட்காத சத்தம்

…பச்சையா வெள்ளையா, எது ரிவர்ஸ் விளக்குக்குப் போகிற ஒயர், தொட்டுப் பார்த்தால்தானே தெரியும்… கணவனை ரிவர்ஸ் கியர் போடச் சொல்லி டெஸ்ட் விளக்கின் முனையை வைத்தாள், வெள்ளையில் எரிந்தது, அப்பாடா, இதில் பின்னால் இருப்பதைக் கண்டு கத்துகிற சென்சார் பெட்டியின் சிவப்பு ஒயர், கறுப்பை வண்டி பாடியில் எர்த்துக்கு. வேனுக்குள் குப்புறப் படுக்கப் போனவள் சட்டென்று ஒருக்களித்துக்கொண்டாள். இதென்ன புது ஜாக்கிரதை, அவன் பார்த்திருப்பானோ? அவன் முன்சீட்டில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். ஊர் வண்டிக்கெல்லாம் ஒயரிங் பார்க்கிறவள் வீட்டு வேன் சுவர் சுவராக முட்டுகிறதே என்று எதிர்க்கடை பேக்கரிக்காரர் கேலி செய்த பிறகுதான் இந்த வேலைக்கே நேரம் வந்தது.

சாமான் வாங்கப் போகிறேன் என்றுதான் காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்… பொய்யில்லை, வாங்கினாள், ஆனால் அதற்கு முன்னால் ஸ்கேன் அறை. போன தடவை உண்டானபோது இருவருமாகப் போனார்கள், டாக்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பவே இல்லை, வீடு வந்த பிறகும் அவன் வேனை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த முதுகை இன்னொரு முறை பார்க்க முடியாது என்றுதான் இன்று தனியாகப் போனாள். இன்று டாக்டர் திரையைத் திருப்பினார். அரிசி மணி போல ஒன்று, அதற்குள் விட்டு விட்டு ஒரு மினுக்கல்… இதுவா, இவ்வளவு வேகமாகவா? கேமரா உள்ளே எப்படிப் போனது என்று அசடுபோலக் கேட்டுவிட்டாள். "கேமரா இல்லம்மா, சத்தம். நம்ம காதுக்குக் கேக்காது. போய்ப் பட்டுத் திரும்பி வர்றதத்தான் படமா பாக்குறோம்." இதைத்தானே இத்தனை வருஷமாக பம்பர் பம்பராக ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டிருக்கிறாள், சத்தத்தை அனுப்பு, திரும்பி வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது… ஒருநாளாவது மலைத்து நின்றிருக்கிறாளா? சுவர் என்றும் தூண் என்றும் சொல்லத் தெரிந்த அந்தச் சத்தமா இருட்டுக்குள் போய், இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்தது?

பம்பரில் மாட்டிய நாலு சென்சாரின் பிளக்கையும் பெட்டியில் செருகி, டேப் சுற்றி, இறங்கி வேனுக்குப் பின்னால் போய் நின்றாள். கியரைப் போட்டான். பீப்… கொஞ்சம் நெருங்கினாள், பீப் பீப், இன்னும் நெருங்க, விடாத ஒரே கத்தல். கண்ணில்லை, காதில்லை, உன்னைத் தெரிகிறது என்கிறது.

"நல்லாவே கத்துது. யாரு பின்னால?" என்றான்.

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நாங்கதான்."

கத்தல் நின்றது. கியரை எடுத்துவிட்டான் போலிருக்கிறது. கதவு திறக்கவில்லை, பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் அவளைத் தேடின… கேட்டிருப்பானா? அவன் தாங்கமாட்டான் என்றா காலையிலிருந்து மறைத்தாள், வாய்விட்டுச் சொல்ல அவளுக்கல்லவா பயமாக இருந்திருக்கிறது, இதோ, அது தானாகவே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டதே…